அறுந்த கண்ணி எது?
வீட்டுக் கணிப்பொறியின் இணையத் தொடர்பு துண்டிக்கப்படும்போது செய்யத்தக்கவை

பள்ளிகளின் சேர்க்கை விவரங்களும், கிராமங்களில் எடுக்கப்படும் கணக்குகளும், மாணவர்களின் உதவித்தொகை விண்ணப்பங்களும் இன்று பெரும்பாலும் இணையத்தின் வழியாகவே அனுப்பப்படுகின்றன. பகல் முழுதும் களத்திலோ வகுப்பறையிலோ பணியாற்றும் ஊழியரும் ஆசிரியரும், இரவில் தம் வீட்டுக் கணிப்பொறியின் முன் அமர்ந்து இவ்வேலையை முடிக்க வேண்டியவர்களாய் இருக்கின்றனர். அவ்வேளையில் தொடர்பு அற்றுப்போகுமாயின், அதனால் நேரும் நஷ்டம் அவருடையது மட்டுமன்று. கடைசி நாள் கடந்துவிட்டால் ஓர் ஏழை மாணவனின் உதவித்தொகையே கைநழுவிப் போகக்கூடும்.

இதனை எழுதுபவனின் அனுபவம் ஒன்றை இங்குக் குறிப்பிடுவது பொருத்தமாகும். 2023-ஆம் ஆண்டுக் கோடையில், தில்லியிலுள்ள என் வீட்டில் மாலை ஏழு மணிக்கு மேல் இணையத் தொடர்பு அடிக்கடி அறுந்துவந்தது. இரண்டு மூன்று நிமிஷங்களில் தானாகவே மீளும், மறுபடியும் அறும். கணிப்பொறியை நிறுத்தி மீண்டும் இயக்கிப் பார்த்தேன். கம்பிகளைப் பிடுங்கிச் செருகினேன். இணைப்பு வழங்கும் நிறுவனத்திடம் மூன்று முறை முறையிட்டேன். இறுதியில் பழுது பார்ப்பவர் ஒருவரை அழைத்தேன். அவர் கணிப்பொறியில் இருந்தவற்றை அழித்து, இயக்க மென்பொருளைப் புதிதாக அமைத்துக் கொடுத்தார். பதினொரு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த கலைச்சொற் பட்டியலும் அவற்றோடு அழிந்தது. அதற்கு நகல் எடுத்து வைக்காதது என் பிழையே. மறுநாள் மாலை ஏழு மணிக்குத் தொடர்பு வழக்கம்போல் அறுந்தது.

பழுது எங்கிருந்தது என்பதைப் பின்னர்க் கூறுவோம். அதனைக் கண்டறியும் முறையை முதலில் காண்போம். இதற்குப் பொறியியல் அறிவு தேவையில்லை. பொறுமையும், ஒரு குறிப்பேடும், ஒழுங்கான வரிசையுமே போதும்.

இணைப்பு ஒரு சங்கிலி

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய வசதி 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் முதல் அளிக்கப்பட்டது. அக்காலத்தில் கணிப்பொறிக்கும் தொலைபேசிக் கம்பிக்கும் இடையே மோடம் என்னும் ஒரு கருவியே இருந்தது. அது எழுப்பும் கீச்சொலியைக் கேட்டே தொடர்பு கிட்டியதா இல்லையா என்பதைப் பழகியவர்கள் அறிந்துகொள்வர். இன்று வேகம் பன்மடங்கு பெருகியுள்ளது. அதனுடன் இடையிலுள்ள கண்ணிகளும் பெருகியுள்ளன. அவற்றை ஐந்தாகப் பிரித்துக் கொள்ளலாம்.

முதலாவது, கணிப்பொறியும் அதிலுள்ள மென்பொருளும். இரண்டாவது, கணிப்பொறியை ரௌட்டர் என்னும் பெட்டியுடன் இணைக்கும் கம்பி அல்லது வைஃபை எனப்படும் வானொலி அலை. மூன்றாவது, ரௌட்டரும் அதற்கு மின்சாரம் ஊட்டும் அடாப்டரும். நான்காவது, வீட்டிலிருந்து நிறுவனத்தின் நிலையம் வரை செல்லும் ஒளியிழை அல்லது செம்புக் கம்பி. ஐந்தாவது, நிறுவனத்தின் வலையமைப்பும், அதற்கப்பால் நாம் நாடும் தளமும்.

இவற்றுள் எது அறுந்தாலும் திரையில் தோன்றும் அறிவிப்பு ஏறக்குறைய ஒன்றே: இணையம் இல்லை. அறிவிப்பு நம் கணிப்பொறியில் தோன்றுவதால் குற்றமும் அதனுடையதே என்று எண்ணிவிடுகிறோம். திரையின் மூலையிலுள்ள வைஃபை குறி நிறைவாகக் காணப்பட்டால், தொடர்பு முழுதும் சரியாயிருப்பதாகக் கருதுவோரும் உண்டு. அக்குறி ரௌட்டர் வரையிலுள்ள அலையின் வலிமையை மட்டுமே காட்டும். ரௌட்டருக்கு அப்பால் கம்பி அறுந்து கிடந்தாலும் அது நிறைவாகவே தோன்றும்.

முதல் வினா

தொடர்பு அறுந்தவுடன் கேட்க வேண்டிய முதல் வினா: வீட்டிலுள்ள வேறொரு கருவிக்கு இணையம் கிட்டுகிறதா? அதே வைஃபையில் இணைந்துள்ள கைபேசியில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். கைபேசியில் கிட்டி, கணிப்பொறியில் கிட்டாவிடில் பழுது முதலிரண்டு கண்ணிகளில் உள்ளது. இரண்டிலும் கிட்டாவிடில் ரௌட்டரையும் அதற்கு அப்பாலுள்ளவற்றையும் நோக்க வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். கைபேசியின் மொபைல் டேட்டாவை முன்னதாக நிறுத்திவிட வேண்டும். வைஃபை வழி இணையம் கிட்டாதபோது கைபேசி தானாகவே தொலைபேசி நிறுவனத்தின் அலைக்கு மாறிக்கொள்ளும். பக்கமும் திறக்கும். நாமோ ரௌட்டர் நன்றாயிருக்கிறது என்று தவறாக முடிவு செய்வோம். நான் முதலிற் செய்த பிழை இதுவே.

விளக்குகள் கூறும் செய்தி

அடுத்து ரௌட்டரின் விளக்குகளைக் கவனிக்க வேண்டும். யாவும் நன்றாயிருக்கும் ஒரு நாளில் எந்த விளக்கு எந்நிறத்தில், நிலையாகவோ இமைத்தோ எரிகிறது என்று குறித்து வைப்பது மிகவும் பயன் தரும். கைபேசியால் ஒரு படம் எடுத்து வைத்தாலும் போதும். ஒளியிழை இணைப்பில் 'பான்' என்று குறிக்கப்பட்ட விளக்கு நிலையாக எரிந்தால், நிறுவனத்தின் நிலையத்திலிருந்து ஒளி நன்கு வந்து சேர்கிறது என்று பொருள். 'லாஸ்' என்று குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக எரிந்தாலோ இமைத்தாலோ, ஒளி வந்து சேரவில்லை அல்லது மிகவும் குன்றிவிட்டது. அந்நிலையில் கணிப்பொறியில் செய்யத்தக்கது யாதொன்றுமில்லை. நிறுவனத்திற்கு அறிவிப்பதே வழி.

எல்லா விளக்குகளும் ஒருசேர அணைந்து, பின்னர் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கினால், ரௌட்டர் மின்சாரத்தை இழந்து மீண்டும் புறப்படுகிறது என்று அறிக.

நான்கு பரிசோதனைகள்

விளக்குகளால் விடை கிட்டாவிடில் 'பிங்' என்னும் கட்டளை உதவும். இதனை 1983-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்கத் தரைப்படையின் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் இயற்றினார். நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவை அறிகின்றன அல்லவா? அவ்வொலியின் பெயரே இதற்கு இடப்பட்டது. ஒரு முகவரிக்குச் சிறிய செய்தியை அனுப்பி, பதில் வருகிறதா, எத்தனை மில்லிசெகண்டில் வருகிறது என்று இது காட்டும்.

விண்டோஸ் கணிப்பொறியின் தேடும் கட்டத்தில் 'சிஎம்டி' என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்தால் கட்டளைச் சாளரம் திறக்கும். அதில் முதலில் 'ஐபிகான்ஃபிக்' என்று அடிக்க. கணிப்பொறியின் முகவரியும், 'டீஃபால்ட் கேட்வே' என்னும் தலைப்பில் ரௌட்டரின் முகவரியும் தோன்றும். பின்வரும் நான்கு முகவரிகளை வரிசையாகப் 'பிங்' செய்து பார்க்க வேண்டும்.

1. 127.0.0.1. இச்செய்தி கணிப்பொறியை விட்டு வெளியே செல்வதில்லை. பதில் வந்தால் கணிப்பொறியின் வலைத்தொடர்பு மென்பொருள் இயங்குகிறது என்று பொருள்.

2. ரௌட்டரின் முகவரி. பல வீடுகளில் இது 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்றிருக்கும். பதில் வராவிடில் வைஃபையிலோ, கம்பியிலோ, ரௌட்டரிலோ பழுது உள்ளது.

3. 8.8.8.8. இது கூகிள் நிறுவனம் பொதுமக்களுக்காக வைத்துள்ள ஒரு சேவையின் முகவரி. ரௌட்டர் பதிலளித்து இது பதிலளிக்காவிடில் பழுது வீட்டிற்கு வெளியே உள்ளதென்று பெரும்பாலும் கொள்ளலாம்.

4. யாதேனும் ஒரு பிரபலமான தளத்தின் பெயர். எண் முகவரிக்குப் பதில் வந்து, 'ஹோஸ்ட்டைக் காண இயலவில்லை' என்னும் பொருளுடைய ஆங்கில அறிவிப்பு இதற்கு மட்டும் தோன்றினால், பெயரை எண்ணாக மாற்றும் சேவையில் பழுது உள்ளது.

சில தளங்கள் பாதுகாப்பு கருதி 'பிங்' செய்திகளுக்குப் பதிலளிப்பதில்லை. ஆதலால் ஒரு தளம் மட்டும் மௌனமாயிருந்தால் அதைக் கொண்டு முடிவு செய்யாமல், மற்றொன்றையும் சோதிக்க வேண்டும்.

கணிப்பொறியின் முகவரி 169.254 என்னும் எண்களில் தொடங்குமாயின் அதுவும் ஒரு தடயமாகும். ஒவ்வொரு கருவிக்கும் முகவரி வழங்குவது ரௌட்டரின் பணி. கேட்டும் விடை வராதபோது கணிப்பொறி தானாகவே இவ்வகை முகவரியைச் சூட்டிக் கொள்கிறது. ரௌட்டருடன் பேச்சு நடைபெறவில்லை என்பதே அதன் பொருள்.

காற்று வழியில் நேரும் இடையூறுகள்

இரண்டாவது பரிசோதனையில் பதில் விட்டுவிட்டு வந்தால், கணிப்பொறியை ரௌட்டரின் அருகே கொண்டுசென்றோ, கம்பியால் நேரே இணைத்தோ பார்க்க வேண்டும். கம்பியில் சரியாக இயங்கினால் குறை வைஃபையில் உள்ளது. வைஃபை பயன்படுத்தும் அலைவரிசைகளுள் ஒன்று 2.4 ஜிகாஹெர்ட்ஸ். மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் ஏறக்குறைய 2.45 ஜிகாஹெர்ட்ஸிலேயே. அதன் உறையிலிருந்து கசியும் சிறிதளவு அலையும் வைஃபை அலையைக் குலைக்கப் போதுமானது. சமையலறையில் அடுப்பு இயங்கும் வேளையில் மட்டும் தொடர்பு தளருமாயின் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

அடுக்குமாடிக் கட்டிடங்களில் அண்டை வீடுகளின் ரௌட்டர்களும் இதே வரிசையில் பேசுகின்றன. இவ்வரிசையிலுள்ள சானல்களுள் 1, 6, 11 ஆகியவை ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. ரௌட்டரை இம்மூன்றில் நெரிசல் குறைந்ததற்கு மாற்றலாம். 5 ஜிகாஹெர்ட்ஸ் வரிசையில் நெரிசல் குறைவு. ஆயினும் அது சுவர்களை ஊடுருவும் திறனிற் குறைந்தது. எஃகு அலமாரி, இரும்பு வலை, தண்ணீர்த் தொட்டி ஆகியவை இரு வரிசைகளுக்குமே தடை. ஆகவே ரௌட்டரை அலமாரியின் உள்ளேயோ தரையிலோ வைக்காமல், வீட்டின் நடுவே, திறந்த இடத்தில், ஆளுயரத்தில் வைப்பதே நன்று.

கணிப்பொறி சிறிது நேரம் சும்மா இருந்தபின் மட்டும் தொடர்பு அறுவதுண்டு. மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு வைஃபை உறுப்பை நிறுத்திவைக்கக் கணிப்பொறிக்கு அளிக்கப்பட்டுள்ள அனுமதியே இதற்குப் பெரும்பாலும் காரணம். 'டிவைஸ் மேனேஜர்' பகுதியில் அவ்வனுமதியை நீக்கிவிடலாம்.

கண்ணாடி வழியில் நேரும் இடையூறுகள்

மயிர் போன்ற கண்ணாடி இழையினுள் ஒளி வெளியேறாமல், உட்சுவரில் பட்டுப் பட்டு முன்னேறும். பஞ்சாபிலுள்ள மோகா நகரில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, தம் ஆசிரியர் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, இத்தகைய இழைக் கற்றையின் வழியே உருவங்களைச் செலுத்திக் காட்டிய செய்தி 1954-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. தூய கண்ணாடி கிட்டினால் இழைகளின் வழியே நெடுந்தொலைவு செய்தி அனுப்பலாம் என்று 1966-இல் சார்லஸ் காவோ எடுத்துக்காட்டினார். 2009-இல் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இன்று வீடுகளுக்கு வரும் இழையில் ஒளி செல்லும் உட்பகுதியின் விட்டம் ஏறக்குறைய 9 மைக்ரோமீட்டரே. அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிற்கும் குறைவு. இணைப்பின் முனையில் ஒரு தூசி படிந்தாலும் ஒளி குன்றும். இழையைக் கூர்மையாக வளைத்தால் ஒளி உட்சுவரைத் துளைத்து வெளியேறிவிடும். சன்னலின் ஓரத்தில் நசுங்கிய இழையும், துப்புரவின்போது மேசைக்குப் பின்னால் மடிந்த இழையும் பல முறையீடுகளுக்குக் காரணமாகின்றன. தேநீர்க் கோப்பையின் வாயளவிற்கும் குறுகலாக இழையை வளைக்காதிருப்பது நலம். இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுசென்று உற்றுநோக்குதல் கூடவே கூடாது. அதிற் செல்லும் ஒளி கண்ணுக்குப் புலப்படாதது. ஆயினும் கண்ணுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியது.

பெயரும் தேதியும்

கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அறிகின்றன; மனிதருக்கோ பெயர்களே நினைவில் நிற்கும். தொடக்கத்தில் எல்லாப் பெயர்களும் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே பட்டியலாக வைக்கப்பட்டிருந்தன. அது சமாளிக்க முடியாதபடி பெருகவே, பெயர்களைப் பல இடங்களில் பகிர்ந்து வைக்கும் முறையை 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தார். நிறுவனத்தின் பெயர்ச் சேவை பழுதானால் வழி நன்றாயிருந்தும் எத்தளமும் திறவாது. அப்போது பெயர்ச் சேவையின் முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்பதைக் கணிப்பொறியில் இட்டால் பெரும்பாலும் குறை தீரும்.

பழைய கணிப்பொறிகளில் தேதி தவறுவதும் ஒரு காரணம். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டும் 3 வோல்ட்டு நாணய மின்கலம் ஒன்று கணிப்பொறியினுள் உள்ளது. அது தீர்ந்துவிட்டால் கணிப்பொறி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். பாதுகாப்பான தளங்கள் காட்டும் சான்றிதழ்களுக்குக் காலவரம்பு உண்டு. தேதி தவறிய கணிப்பொறிக்கு அச்சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றுவதால் தளங்கள் திறவா. தேதியைத் திருத்தி, மின்கலத்தை மாற்றினாற் போதும்.

விட்டுவிட்டு நேரும் பழுது

எப்போதும் அறுந்திருக்கும் இணைப்பைக் கண்டறிவது எளிது. வந்தும் போயும் இருப்பதுதான் கடினம். ஆள் வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாயிருக்கும். இதற்கு ஓர் உபாயம் உண்டு. இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரௌட்டரையும் மற்றொன்றில் 8.8.8.8 என்னும் முகவரியையும் இடைவிடாது 'பிங்' செய்ய வேண்டும். முகவரிக்குப் பின் ஓர் இடம் விட்டு, ஒரு சிறு கோடும் 'டி' என்னும் ஆங்கில எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும்வரை அது ஓடிக்கொண்டிருக்கும். தொடர்பு அறும் கணத்தில் எந்தச் சாளரம் மௌனமாகிறது என்று காண வேண்டும். இரண்டும் மௌனமாயின் பழுது வீட்டிற்குள். வெளி முகவரி மட்டும் மௌனமாயின் பழுது வெளியே. அறுந்த நேரத்தையும், ரௌட்டரின் விளக்குகளையும், அச்சமயம் வீட்டில் இயங்கிக்கொண்டிருந்த சாதனங்களையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

பட்டியலை இழந்த பிறகே நான் இம்முறையை மேற்கொண்டேன். முதல் மாலையே இரு சாளரங்களும் ஒருசேர மௌனமாயின. எழுந்து சென்று பார்த்தபோது ரௌட்டரின் விளக்குகள் யாவும் அணைந்து, ஒவ்வொன்றாக மீண்டும் எரியத் தொடங்கியிருந்தன. ஆறு நாட்களின் குறிப்புகளை ஒப்பிட்டதில் காரணம் புலப்பட்டது. மாலையில் வீடு திரும்பியதும் காற்றைக் குளிர்விக்கும் கூலரை இயக்குவது வழக்கம். அது ஓடிக்கொண்டிருக்கையில், அதே மின்கம்பியில் இணைந்த குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் புறப்படும் கணத்திலேயே ரௌட்டர் அணைந்தது.

மோட்டார் புறப்படும்போது வழக்கமான அளவைப் போலப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால் வோல்ட்டு ஒரு கணம் தாழ்கிறது. அக்கணத்தைத் தாங்கிக் கொடுப்பது அடாப்டரினுள் உள்ள மின்தேக்கி. ஆண்டுக்கணக்கான வெப்பத்தால் அதனுள் இருக்கும் திரவம் வற்றி, தேக்கும் திறன் குன்றிவிடுகிறது. என் அடாப்டர் ஆறாண்டு பழமையானது. அதே 12 வோல்ட்டு அளவும் அதே மின்னோட்ட அளவும் உடைய புதிய அடாப்டரைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். அன்று முதல் தொடர்பு அறவில்லை. கணிப்பொறியிலும் குற்றமில்லை, நான் மூன்று முறை கடிந்துகொண்ட நிறுவனத்திடமும் குற்றமில்லை. முதல் நாளே விளக்குகளைப் பார்த்திருந்தால் பட்டியல் பிழைத்திருக்கும்.

அடாப்டரை மாற்றுவோர் வோல்ட்டும் முனைகளின் திசையும் பழையதை ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். மின்னோட்ட அளவு பழையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறைவாக இருத்தலாகாது.

செய்யத் தகாதவை

ஒரே சமயத்தில் பல மாற்றங்களைச் செய்யலாகாது. கம்பியை மாற்றி, ரௌட்டரை நகர்த்தி, மென்பொருளையும் புதுப்பித்தபின் குறை தீர்ந்தால், தீர்த்தது எது என்று அறிய இயலாது. ஒரு மாற்றம் செய்து, பலனைக் கண்டு, குறித்துக்கொண்ட பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

ரௌட்டரின் பின்புறத்தில் ஊசித் துவாரத்தினுள் இருக்கும் 'ரீசெட்' பொத்தானை அவசரத்தில் அழுத்தலாகாது. ரௌட்டரை அணைத்து அரை நிமிஷம் கழித்து இயக்குவது வேறு. இப்பொத்தானை அழுத்துவது வேறு. இது நிறுவனம் இட்ட பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அழித்துவிடக்கூடும். அதன்பின் அவர்களது உதவியின்றி இணைப்பு மீளாது.

முக்கியமான கோப்புகளுக்கு வேறோரிடத்தில் நகல் எடுக்காமல் கணிப்பொறியை எவரிடமும் பழுது பார்க்கக் கொடுக்கலாகாது.

முறையிடும் முறை

பழுது வெளியே என்று தெளிந்தபின் நிறுவனத்திற்கு அறிவிக்க வேண்டும். 'நெட் வரவில்லை' என்று கூறுவதைவிட, 'ரௌட்டர் பதிலளிக்கிறது, 8.8.8.8 பதிலளிக்கவில்லை, இரவு எட்டு மணி முதல் சிவப்பு விளக்கு எரிகிறது' என்று கூறுவது பயன் தரும். கணிப்பொறியை நிறுத்தி இயக்கிப் பாருங்கள் என்னும் வழக்கமான பதிலோடு பேச்சு முடிந்துவிடாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012-இல் வகுத்த விதிகளின்படி ஒவ்வொரு முறையீட்டிற்கும் டாக்கெட் எண் வழங்கப்பட வேண்டும். அதனைத் தேதியுடன் குறித்து வைக்க. குறை தீராவிடில், நிறுவனத்திற்குள்ளேயே உள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் அவ்வெண்ணைக் காட்டி முறையிடலாம்.

ஆசிரியர்கள் இப்பரிசோதனைகளை மாணவர்களின் முன்னிலையில் செய்து காட்டலாம். கண்டதைக் குறித்தல், காரணத்தை ஊகித்தல், ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்தல், ஊகம் பொய்த்தால் அதைக் கைவிடுதல் ஆகிய விஞ்ஞான முறையின் படிகள் யாவும் இதில் அடங்கியுள்ளன. இதற்குத் தனி ஆய்வுக்கூடமும் வேண்டியதில்லை. களப்பணியாளர்கள் மேற்கூறிய நான்கு முகவரிகளை ஓர் அட்டையில் எழுதி, கணிப்பொறியின் அருகே ஒட்டி வைப்பது நலம். கடைசி நாளின் இரவில் தொடர்பு அறும்போது அவ்வட்டை கைகொடுக்கும்.